பேய்க்கு எதற்கு மருத்துவச் சான்றிதழ்?

தமிழ்த் தொலைக்காட்சியின் அமானுஷ்யத் தொடர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நாற்பதைத் தாண்டியவர்கள் ஒரே குரலில் கேட்பார்கள்: ‘மர்மதேசம்’ மாதிரி வருமா? அதற்கான காரணமும் கையோடு வரும். அதில் கருப்பு, குதிரை, சாமி எல்லாவற்றையும் காட்டி நடுங்க வைத்துவிட்டுக் கடைசியில் அறிவியல்படி விளக்கினார்கள். இப்போது வருவதில் பாம்பு பெண்ணாகிறது, பெண் பாம்பாகிறது, ஏன் எப்படி என்று கேட்க நாதியில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் பார்க்கிற கதை என்றால் இந்தத் தீர்ப்பு இன்னும் கறாராகும். பேயைக் காட்டு, பரவாயில்லை. கடைசி அத்தியாயத்தில் ஒரு டாக்டரைக் கூட்டி வந்து அது பேயில்லை என்று சொல்ல வைத்துவிடு.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பகுத்தறிவுக்கு மேடை போட்ட மாநிலத்தில் இதை எதிர்த்துப் பேசுகிறவருக்கு வேப்பிலைக் கட்சி என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஆனாலும் எதிர்த்தாக வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசி அத்தியாய டாக்டர் மூடநம்பிக்கையை விரட்டவில்லை. பேய் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நோயாளியை உட்கார வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1966இல் வந்த ‘யார் நீ’யிலும் 1976இல் வந்த ‘துணிவே துணை’யிலும் வெள்ளைப் புடவைப் பேய் உலவும், பாட்டுப் பாடும், ஊர் நடுங்கும். இரண்டிலும் ஜெய்சங்கர்தான் நாயகன். பேயே இல்லை, எல்லாம் சொத்துக்காகவும் கள்ளத் தொழிலுக்காகவும் நடத்திய நாடகம் என்று முடியும். இந்த விளக்கத்தில் ஒரு நேர்மை இருந்தது. மக்களின் பயத்தால் யாருக்கு லாபம் என்று அது கேட்டது. விரல் நீண்டது பணமும் ஆளும் வைத்திருந்தவனை நோக்கி. மேடைப் பகுத்தறிவுக்கும் இந்தத் திரைக்கதைக்கும் உறவு உண்டு. பக்தியை விற்றுப் பிழைப்பவனை 1952லேயே ‘பராசக்தி’ கூண்டில் ஏற்றிவிட்டது அல்லவா.

அதற்குப் பிறகு விளக்கம் ஆள் மாறியது. 1993இல் மலையாளத்தில் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ வந்தது. பூட்டிய அறை, இறந்துபோன நடனக்காரி, அவளாகவே மாறிவிடும் ஒரு மனைவி, வெளிநாட்டில் படித்த மனநல மருத்துவர். 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’, ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த தொடர், அதே மருத்துவ மொழியைக் கிராமத்துக் காவல்தெய்வத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. 2005இல் இரண்டு மாத இடைவெளியில் ‘சந்திரமுகி’யும் ‘அந்நியன்’ படமும் வந்தன. ஒன்றில் கங்கா, மற்றொன்றில் அம்பி. இருவருக்கும் ஒரே வகைத் தீர்ப்பு: ஆளுமை பிளந்துவிட்டது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது இந்த நோயின் ஆங்கிலப் பெயர் மனப்பாடம் ஆகியிருக்கும். பாடப் புத்தகம் சொல்லித் தராத எதையும் சினிமா சொல்லித் தந்துவிடும்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. பழைய படத்தில் திரை விலகியதும் தெரிந்தது திருடன். புதிய படத்தில் திரை விலகியதும் தெரிவது நோயாளி. அவரும் சாதாரண நோயாளி இல்லை, கொலை செய்கிற அல்லது செய்யப்போகிற நோயாளி. ஆளுமைப் பிளவு என்பது மருத்துவத்தில் அபூர்வமானது. மனநோயுள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடத் தாக்கப்படுவதே அதிகம் என்று அந்தத் துறையினர் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். திரையிலோ மனநோய் என்றாலே இரட்டைக் குரல், சிவந்த கண், கையில் கத்தி. பேயை நம்பியிருந்த வீட்டுக்குப் பேய் போய்ப் பைத்தியம் பற்றிய பயம் வந்தது. கீழ்ப்பாக்கத்தில் இருநூறு ஆண்டுக்கு மேல் வரலாறு கொண்ட மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து அதிக தூரமில்லை அம்பத்தூர். அம்பத்தூர் வகுப்பறைகளில் கீழ்ப்பாக்கம் என்பது இன்றைக்கும் ஒரு வசவு. கடைசி அத்தியாய டாக்டர் அறிவைப் பரப்பினார் என்றால் இந்த வசவு ஏன் கொஞ்சமும் தேயவில்லை?

அந்த டாக்டர்தான் என்ன செய்கிறார்? ‘சந்திரமுகி’யின் முடிவை ஒருமுறை நிதானமாகப் பார்க்கலாம். மருத்துவர் மந்திரவாதியோடு கைகோத்துக்கொள்கிறார். சடங்கு நடக்கிறது, தீ எரிகிறது, பொம்மையைப் பலியாகக் கொடுத்ததும் அவள் சமாதானமாகிப் பழைய கங்காவாகிவிடுகிறாள். மாத்திரையும் இல்லை, மாதக்கணக்கில் பேசிப் பேசித் தேற்றும் சிகிச்சையும் இல்லை. பூசாரி செய்வதைக் கோட்டுப் போட்டவர் செய்தால் அது அறிவியலா? ரசிகர் கைதட்டியது பேயோட்டத்துக்குத்தான். அதில் குற்றம் ஒன்றுமில்லை, நல்ல மசாலாப் படம். அதை அறிவியல் மனப்பான்மை என்று பாராட்டுவதில்தான் சிக்கல்.

மறுதரப்பின் வலுவான வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அதன் பெயர் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கூரைக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியில்லாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். பேய் பிடித்திருக்கிறது என்று நம்பித்தான் அவர்களில் பலரை வீட்டார் அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இதற்குப் பிறகும் பேயை விளக்காமல் விடலாமா என்று கேட்பவரின் கோபம் நியாயமானது.

ஆனால் சங்கிலியை அவிழ்த்தது எது? ஏர்வாடிக் கொட்டகை போன்ற இடங்கள் மூடப்பட்டது அரசு நடவடிக்கையாலும் உச்ச நீதிமன்றத் தலையீட்டாலும். எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று பின்னாளில் எழுதி வைத்தது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். அந்தத் தீயை நாடே பார்த்து நான்கு ஆண்டு முடிவதற்குள் ‘சந்திரமுகி’யும் ‘அந்நியன்’ படமும் மனநோயாளியைக் கட்டிலைத் தூக்குகிறவளாகவும் எண்ணெய்ச் சட்டியில் ஆளைப் போடுகிறவனாகவும் காட்டின. அப்படிப்பட்டவரை ஊர் என்ன செய்யும்? கட்டித்தான் வைக்கும். ஏர்வாடியைச் சாட்சிக்கு அழைப்பவர், அந்தச் சாட்சி தன் கட்சிக்கே எதிராகப் பேசும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் ‘விடாது கருப்பு’ தேறாதா? தேறும், நன்றாகவே தேறும், காரணம்தான் வேறு. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த அந்தத் தொடரை நினைத்துப் பார்ப்பவர்களிடம் எது நினைவிருக்கிறது என்று கேட்டால் டாக்டரின் விளக்கத்தைச் சொல்பவர் குறைவு. வெள்ளைக் குதிரையின் குளம்படியைச் சொல்வார்கள். தவறு செய்தவனைத் தேடி வரும் கருப்பு. ஒரு சிறுவனின் பழைய காலமும் இன்றைய காலமும் மாறி மாறி வந்து ஒன்றையொன்று தொடும் பின்னல். வாரம் ஒருமுறைதான் வரும் என்பதால் அடுத்த வாரம்வரை ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலிலும் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையிலும் யார் கருப்பு என்று நடந்த பஞ்சாயத்து. முடிவு என்ன என்பதை இங்கே உடைக்கத் தேவையில்லை. இப்போதும் தேடிப் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முடிவு தெரிந்தவர்களும் மறுபடி பார்க்கிறார்கள் என்பதே போதும். விளக்கத்துக்காகப் பார்த்த கதையென்றால் விடை தெரிந்ததும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்களா?

அந்தத் தொடரைத் தாங்கி நிற்பது அதன் விதி. கருப்பு யாரைத் தொடும், யாரைத் தொடாது என்பதில் ஒரு கறார்த்தனம் இருந்தது. தப்புக்கு விலை உண்டு என்ற ஒழுங்கை ஒவ்வொரு வாரமும் அது காப்பாற்றியது. பார்ப்பவர் அந்த விதியைக் கற்றுக்கொண்டு, அடுத்து யார் என்று கணக்குப் போட்டார். அமானுஷ்யக் கதையில் அறிவுக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான்.

இதை அமெரிக்கத் தொலைக்காட்சி பதின்வயதுக் கதையில் கொண்டுபோன தூரம் பெரிது. 1997 முதல் 2003 வரை ஏழு பருவம் ஓடிய ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ தொடரில் பள்ளிக்கூடப் பெண்ணொருத்தி இரவில் ரத்தக் காட்டேரிகளோடு சண்டை போடுகிறாள். காட்டேரி உண்டா இல்லையா என்று அந்தத் தொடர் விவாதமே நடத்தவில்லை. உண்டு, ஆனால் வீட்டுக்காரர் உள்ளே வா என்று அழைக்காமல் வாசற்படியைத் தாண்டாது. இந்த ஒற்றை விதியை வைத்துக்கொண்டு யாரை நம்பி வீட்டுக்குள் விடுவது என்கிற பதினாறு வயதுக் கேள்வியை எத்தனையோ அத்தியாயங்களுக்கு இழுத்தார்கள். முதல் பருவத்திலேயே ஒரு மாணவி வருகிறாள். வகுப்பில் யாரும் அவளைக் கவனிப்பதில்லை, ஆசிரியர் அவள் தூக்கிய கையைப் பார்ப்பதில்லை. கடைசியில் அவள் நிஜமாகவே கண்ணுக்குத் தெரியாமல் போகிறாள். இதற்கு எந்த டாக்டர் விளக்கம் தர வேண்டும்? ஆவடிப் பள்ளியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கதை ஒரு நொடியில் புரிந்துவிடும்.

நம்மூர்த் தீர்ப்புக்கு நேர்ப் பதில் போல அதே தொடரில் இன்னொரு அத்தியாயம் உண்டு. 2002 மார்ச்சில் வந்தது, பெயர் ‘நார்மல் அகெய்ன்’. ஒரு பிசாசின் கொடுக்கு பட்டதும் நாயகிக்கு வேறொரு உலகம் தெரிகிறது. அங்கே அவள் மனநல மருத்துவமனையில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் நோயாளி. காட்டேரி, சண்டை, தோழர்கள், வாழ்ந்த ஊர் எல்லாமே நீ கட்டிய கற்பனை என்று டாக்டர் அன்பாக எடுத்துச் சொல்கிறார். இந்த உலகத்தில் இறந்துபோன அம்மா அந்த உலகத்தில் உயிரோடு பக்கத்தில் நிற்கிறாள். பகுத்தறிவு விளக்கம் முழுசாக, கனிவாக, அம்மாவையும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. அதை ஏற்க வேண்டுமென்றால் அவள் தன் தோழர்களைக் கைவிட வேண்டும். ஏறத்தாழ அதைச் செய்தும்விடுகிறாள். கடைசியில் ஆபத்தும் உழைப்பும் நிறைந்த தன் ஊருக்கே திரும்பி வருகிறாள். ஆனால் அத்தியாயம் அங்கே முடியவில்லை. மருத்துவமனையில் அசைவில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தில்தான் முடிகிறது.

எது நிஜம் என்று தொடர் சொல்ல மறுத்தது. அதற்காக அமெரிக்கப் பிள்ளைகள் காட்டேரிக்குப் பூண்டு மாலை கட்டிக்கொண்டு அலையவில்லை.

அது அவர்கள் ஊர், இங்கே மக்கள் நிஜமாகவே நம்புகிறார்கள் என்று பதில் வரும். பார்வையாளருக்கு நடிப்பையும் நடப்பையும் பிரிக்கத் தெரியாது என்ற ஒரு மேட்டிமை இந்தப் பதிலுக்குள் ஒளிந்திருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவை ஒருமுறை பார்த்தவர் இப்படிப் பேச மாட்டார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் தபசு மரத்தில் ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழம் எறிகிறார். கீழே பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்கள் மடியேந்துகிறார்கள். மரத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், நேற்று எந்தக் கடையில் டீ குடித்தார் என்பது கூட்டத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கை கூப்புகிறது, விடிந்ததும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்குத் தொலைக்காட்சிக்காரர் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய கதை இன்னொன்றும் இருக்கிறது. ஆவடியிலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் மின்ரயிலில் சில நிறுத்தம் தாண்டினால் திருநின்றவூர். அங்கே வாழ்ந்த பூசலார் கோயில் கட்டப் பணம் கிடைக்காமல் மனசுக்குள்ளேயே ஒன்றைக் கட்டினார். அஸ்திவாரம், மதில், விமானம், கிணறு என்று நாள் பார்த்து, நேரம் பார்த்துக் கட்டி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ அரசன் தான் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். கனவில் சிவன் வந்து, அன்றைக்கு நின்றவூர்க் கோயிலுக்குப் போக வேண்டும், உன் நாளை மாற்றிக்கொள் என்கிறார். அரசன் ஊருக்கு வந்து தேடுகிறான், கோயிலே இல்லை. விசாரித்தால், எல்லாம் ஒருவர் மனசுக்குள் நடந்தது என்று தெரியவருகிறது. இதை எழுதிய சேக்கிழார் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர், 12ஆம் நூற்றாண்டில் சோழனிடம் அமைச்சராக இருந்தவர்.

இதன் கட்டமைப்பு கவனிக்கத்தக்கது. எல்லாம் மனசில்தான் நடந்தது என்ற விளக்கம் இந்தக் கதையிலும் கடைசியில்தான் வருகிறது. நம் தொடர்களில் அந்த வரி வந்ததும் காற்று இறங்கிவிடும். சேக்கிழாரிடம் அந்த வரி வரும்போதுதான் கல்லில் கட்டிய அரசன் சிறுத்துப் போகிறான், கையில் காசில்லாதவர் நிமிர்கிறார். பக்தர்கள் இதை அருளாகப் படிக்கட்டும், பக்தி இல்லாதவர் அதிகாரத்தைக் குத்தும் கதையாகப் படிக்கட்டும். கதை இரண்டு பேருக்கும் வேலை செய்கிறது. எண்ணூறு ஆண்டுக்கு மேலாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிக்கலான முடிவு புரியாது என்று தொலைக்காட்சி நிறுவனங்களின் கூட்டங்களில் எப்படி முடிவெடுக்கிறார்கள்?

இன்றைய பாம்புத் தொடர்களுக்கு வக்காலத்து வாங்க இதையெல்லாம் சொல்லவில்லை. 2017, 2018இல் சன் டிவியில் ஓடிய சுந்தர் சி.யின் ‘நந்தினி’யும் இந்தியிலிருந்து குரல் மாற்றி வந்த ‘நாகினி’யும் சலிப்பூட்டியது உண்மை. ஆனால் சலிப்புக்குக் காரணம் டாக்டர் வராததல்ல. அந்தப் பாம்புக்கு விதி கிடையாது. திங்கட்கிழமை முடியாத காரியம் வியாழக்கிழமை முடிகிறது. செத்தவர் வருகிறார், சபதம் ஆவியாகிறது, கட்டும் தாயத்தின் சக்தி கதையின் வசதிக்கேற்ப ஏறி இறங்குகிறது. தினமும் அரை மணி நேரம் நிரப்ப வேண்டும், வாராவாரம் வரும் ரேட்டிங் கணக்குக்கு ஏற்றபடி வளைய வேண்டும் என்றால் எந்த விதியும் நிற்காது. இதே தொடர்களின் முடிவில் ஒரு மனநல மருத்துவரைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது நினைக்கிறார்களா?

சட்டமும் மறுதரப்பின் பக்கம் நிற்பது போலத் தோன்றும். 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிக்குத் தடை இருக்கிறது. அதனால்தான் தொடருக்கு முன்னால் எல்லாம் கற்பனையே என்ற அட்டை ஓடுகிறது. விதி தடுப்பது ஊக்குவிப்பதை. பேய் வருகிற கதை எல்லாமே பேய் நம்பிக்கைக்கு விளம்பரம் என்று அது சொல்லவில்லை. அட்டையைப் போட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று சேனல் நினைக்கிறது. டாக்டரைப் போட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று விமர்சகர் நினைக்கிறார். இரண்டும் முத்திரை குத்தும் வேலைதான்.

விளக்கம் கொடுக்காமலே பொறுப்பாக நடந்துகொண்ட கதைகள் தமிழில் உண்டு. ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’வில் (2011) பேய் பேய்தான். அது ஒரு திருநங்கையின் ஆவி; நிலத்தைப் பறித்துக் கொன்றவர்களைத் தேடி வருகிறது. படத்தின் இரைச்சலைப் பற்றி ஆயிரம் புகார் சொல்லலாம். ஆனால் ‘யார் நீ’ காலத்துக் கேள்வியை, யாருக்கு லாபம் என்பதை, பேயின் வாயாலேயே கேட்டது அது. 2022இல் வந்த ‘மை டியர் பூதம்’ படத்தில் திக்கிப் பேசும் சிறுவன் 48 நாளைக்குள் ஒரு மந்திரத்தைத் திக்காமல் சொல்லி முடித்தால்தான் பூதம் தன் உலகத்துக்குப் போக முடியும். விதியும் கெடுவும் விலையும் இருக்கின்றன. பையனின் நிஜமான பிரச்சினை நடுவில் இருக்கிறது. அந்தப் பூதம் மனப்பிரமைதானே என்று எந்த விமர்சகரும் சண்டைக்கு வரவில்லை.

ஆக, சின்னப் பிள்ளைகளுக்குப் பூதம் உண்டு, பெரியவர்களுக்குக் காஞ்சனா உண்டு. நடுவில் நிற்கும் பதினைந்து வயதுக்குத்தான் ஒன்றுமில்லை. விஜய் டிவியில் 2006இல் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’ பள்ளி வாழ்க்கையைப் பிடித்தது, அதில் அமானுஷ்யத்துக்கு இடமில்லை. நாகாவின் தொடர்களில் அமானுஷ்யம் உண்டு, பள்ளிக்கூடம் இல்லை. இரண்டும் கிட்டத்தட்டச் சந்தித்தது புஷ்கர் காயத்ரியின் ‘சுழல்’ (2022) தொடரில். காணாமல் போன பள்ளி மாணவியைத் தேடும் குற்றக் கதையை மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாள்களோடு பின்னினார்கள். அங்காளம்மன் உண்டா என்ற கேள்வியையே எழுப்பாமல், பிள்ளைகள்மீது நடக்கும் கொடுமையை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் அது நமக்கான பதின்வயது அமானுஷ்யத் தொடராகியிருக்கும்.

அந்த அடியை வைக்கச் சரக்கு வேண்டுமா? பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கத்தில் ‘பிக் பாஸ்’ வீட்டுக்கு அரங்கம் போடும் ஃபிலிம் சிட்டி இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருவேற்காட்டுக் கருமாரியின் சன்னிதி, திருமுல்லைவாயில் பச்சையம்மன் கோயிலில் ஆளை மிரட்டும் முனிகளின் பேருருவங்கள். நடுவில் டேங்க் செய்யும் தொழிற்சாலை, எஸ்டேட் ஷிப்ட், நீட் கோச்சிங் முடிந்து ஒன்பது மணிக்கு மின்ரயிலில் திரும்பும் பிள்ளைகள். கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வரும் மாணவர்கள். அதைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுக்கும்படி ஆயிற்று. அந்தக் குழு அமையக் காரணம் 2023இல் நாங்குநேரியில் உடன் படித்தவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியது. கயிறு கட்டிய கையில் இரவானால் என்ன முளைக்கும் என்று ஒரு கதாசிரியர் யோசித்தால் போதும், பத்து அத்தியாயத்துக்குக் கதை கிடைக்கும். கடைசியில் அந்தக் கைக்கு மனநல மருத்துவர் சான்றிதழ் கொடுத்து, ஒரு பையனின் மூளைக் கோளாறு என்று முடித்தால் சாதி தப்பித்துவிடும். முடிவில் விளக்கம் வேண்டும் என்பவர்கள் இந்த இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நாகா 2024இல் ஜீ5 தளத்தில் ‘ஐந்தாம் வேதம்’ தொடரோடு மறுபடி வந்தார். பழைய ரசிகர்கள் மர்மதேசத்து வாசனையைத் தேடிப் போனார்கள். இம்முறை புராணத்துக்குத் துணையாகச் செயற்கை நுண்ணறிவு வந்திருந்தது. முதலில் திருடன், பிறகு நோயாளி, இப்போது கணினி. விளக்குகிற ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார், விளக்கியாக வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் மாறவில்லை. இதற்கிடையில் அம்பத்தூரின் பத்தாம் வகுப்பு மாணவி கைபேசியில் தமிழ்க் குரலில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்து முடித்துவிட்டாள். இந்தியானாவில் இல்லாத ஓர் ஊருக்கு அடியில் இல்லாத ஓர் உலகம். அதன் விதி, எல்லை, பலவீனம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதை நிஜமென்று அவள் நம்பவுமில்லை, யாராவது வந்து விளக்க வேண்டும் என்று கேட்கவுமில்லை.